பொடி போன இடம்

"திருடன் இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான்!"

காகித ஆலை மேனேஜர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். எதிரே ஃபோர்மேனும், கழுவும் தொட்டியைக் கவனிக்கும் மச்சானும் நின்றார்கள். மச்சான் என்றால் மேனேஜர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

மரக்கூழில் இரும்பு, செம்பு என்று உலோகங்கள் ஒளிந்திருக்கும். ஒரு பொடியைப் போட்டுக் கழுவினால் அது எல்லாவற்றையும் கவ்விக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். அப்புறம்தான் வெளுக்க வேண்டும். பொடி குறைந்தால் வெளுக்கும் மருந்து வீண். காகிதம் டீ நிறத்தில் வரும்.

கொஞ்ச நாளாகப் பொடி மூட்டைகள் காணாமல் போகின்றன; காகிதமும் டீ நிறத்தில்தான் வருகிறது. நாளைக்கு முதலாளி வருகிறார். மேனேஜர் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது.

அவர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "மூஞ்சியைப் பாரு, சட்டையைப் பாரு! துருப்பிடிச்ச தகரம் மாதிரி!"

"குவார்ட்டர்ஸ் தண்ணி அப்படி சார்," என்றார் ஃபோர்மேன்.

"அதே தண்ணிதான்யா எங்க வீட்லயும். என் சட்டையைப் பாரு, கொக்கு மாதிரி! துவைக்கிற கை சுத்தமா இருக்கணும்யா! போலீஸுக்குச் சொல்லியாச்சு. சொந்தக்காரன்னுகூடப் பார்க்க மாட்டேன்."

மச்சான் பதறி முன்னால் வந்தான்.

"போலீஸ் மட்டும் வேணாம் மாமா."

"ஆபீஸ்ல மாமா கீமா கிடையாது. சார்னு சொல்லு!"

"சரி சார் மாமா. பொடியை எடுத்தது நான்தான்."

"அடப்பாவி! போட்டிக் கம்பெனிக்கு வித்தியா?"

"ஐயோ, இல்ல. வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன்."

"எந்த வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்கு."

"எங்க வீட்டுக்கா!" என்று கத்தினார் மேனேஜர்.

"அக்காதான் கேட்டாங்க. குழாய்ல வர்றது ஒரே இரும்பாம். இந்தப் பொடியில ஊறவெச்சாதான் உங்க சட்டை மஞ்சளாகாதாம். மொதல்ல ஒரு டப்பாதான் கொடுத்தேன். அப்புறம் ஜன்னல் திரை, சோபா உறை, நாய் படுக்கிற மெத்தைன்னு மூட்டைக் கணக்குல போயிடுச்சு. மாட்டேன்னா, சோறு கிடையாதுன்னுட்டாங்க."

ஃபோர்மேன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். "சொல்லுங்க சார். திருட்டுக்கு அத்தாட்சி ஏதாவது கைவசம் இருக்கா?"

ஃபோர்மேனும் மச்சானும் மேனேஜரின் சட்டையையே பார்த்தார்கள்.

முதலாளி வரும்போது போட்டுக்கொள்ள எடுத்து வைத்திருந்த தன் கோட்டை மாட்டி, அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் இல்லையே!" என்றார் மேனேஜர்.