அரக்கு நிறக் குஞ்சம்

வேன் வாசலில் வந்து நின்று நேரமாகிவிட்டது. சுனந்தா மட்டும் ஹாலைவிட்டு நகரவில்லை. கழுத்திலிருந்த ஸ்கார்ஃபைக் காட்டி முடிந்தபாடில்லை.

"என் மருமவ பின்னினது. கடையில கெடைக்குமா இந்த மாதிரி? சுத்தப் பருத்தி."

திருமலைச் சமணக் கோயிலுக்கு நேமிநாதரைக் கும்பிடக் கிளம்பிய பெண்கள் ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்தார்கள். வெள்ளை நூலில் நெருக்கமான பின்னல். இரண்டு முனையிலும் அரக்கு நிறத்தில் குஞ்சம்.

ரேவதி காபி டம்ளர்களைச் சேகரித்தபடி தலைகுனிந்து சிரித்தாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் என்று வேங்கிக்கால் தெருவில் அவளுக்குப் பெயர்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் குல்லா, புருஷன் நவீனின் போனுக்குப் பை, மாமியாரின் மூக்குக்கண்ணாடிக்கு உறை. யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் அவள் கையால் பின்னிய ஏதாவது ஒன்று போய்விடும். பின்னும்போது அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊசிக்குத்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே ஹாலில்தான் அது நடந்தது.

நவீனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த புதிது. அவள் பெட்டியில் அம்மாவின் கல்யாணப் புடவை இருந்தது. அரக்கு நிற ஆரணிப் பட்டு. அம்மா போய்ச் சேர்ந்தபின் அம்மா என்று தொட்டுப் பார்க்க ரேவதிக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

சுனந்தா பட்டு உடுத்த மாட்டாள். புழுவைக் கொதிநீரில் போட்டுக் கொன்று எடுக்கிற நூல் தன் உடம்பில் ஏறக்கூடாது என்பது அவள் விரதம். மற்ற சமண நயினார் வீடுகளில் விசேஷத்துக்குப் பட்டு கட்டுகிறவர்கள் உண்டு. இவள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

அது அவள் நம்பிக்கை. அதில் ரேவதிக்கு ஒரு வருத்தமும் இல்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், அன்றைக்கே புடவையை அப்பா வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் நிறைந்த ஹாலில் புடவையை விரித்துப் போட்டு, ஓரத்தில் ரெண்டு இழையை உருவி, தீக்குச்சியைக் கிழித்தாள் சுனந்தா.

"முடி கருகுற நாத்தம் வருதா? அதான் பட்டு. உசுரக் கொன்ன நாத்தம்."

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். செத்துப்போன அம்மாவே நாறுகிறாள் என்று சொன்ன மாதிரி இருந்தது ரேவதிக்கு.

மறுநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் புடவை தெருவில் வந்த பாத்திரக்காரனிடம் போயிருந்தது. பதிலுக்கு ஒரு எவர்சில்வர் குடம். இன்றைக்கும் அவள் தண்ணீர் பிடிப்பது அந்தக் குடத்தில்தான். இடுப்பில் ஏற்றும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவளுக்கு ஆறவே இல்லை.

போன கார்த்திகையில் குளிர் தொடங்கியதும் இந்த ஸ்கார்ஃபைப் பின்னிக் கொடுத்தாள். சுனந்தா பூரித்துப் போனாள். மார்கழி முழுக்க விடியற்காலையில் ஜினாலயத்துக்கு அதைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். மந்திரம் சொல்லும்போது விரல்கள் தானாகக் குஞ்சத்தை உருட்டும். தீபாராதனையின்போது அந்தக் குஞ்சத்தாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு.

ரேவதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே பார்த்தாள்.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"அத்தை, ஒரு நிமிஷம் நில்லுங்க. குஞ்சத்துல பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கு."

டம்ளர்களை வைத்துவிட்டு, விளக்குப் பக்கத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்து வந்தாள். கத்தரிக்கோல் மேஜை மேலேயே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

குச்சியைக் கிழித்தாள். நீட்டிக்கொண்டிருந்த இழைகள் சுருண்டு கருகின.

"யாரோட முடியோ கருகுதுடி!" என்றாள் வாசல்படியில் நின்ற காசியம்மாள். பெண்கள் அவரவர் கொண்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தபடி வேனை நோக்கி நடந்தார்கள்.

சுனந்தா தன் தலையைத் தடவிப் பார்க்கவில்லை.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கை கழுத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால், மார்கழி முழுக்க எதைப் போட்டுக்கொண்டு சாமி முன்னால் நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ரேவதி குச்சியை ஊதி அணைத்தாள். ஸ்கார்ஃபைச் சரிசெய்கிற சாக்கில் மாமியாரின் காதருகே குனிந்தாள்.

"பாத்திரக்காரன்கிட்ட பொடவையத்தான் போட்டீங்க அத்தை. ரவிக்கைய மறந்துட்டீங்க."

பிறகு வேனில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "மலைமேல காத்து ஜாஸ்தியா இருக்கும். கழட்டிடாதீங்க" என்றாள்.

வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுனந்தா அதைக் கழற்றவில்லை.