இருவருக்கு மேல் கூடாது

வாடகை ஒப்பந்தத்தில் நான்காவது நிபந்தனையைத் தொட்டுக் காட்டினாள் மனைவி. ‘இருவருக்கு மேல் குடியிருக்கக் கூடாது.’

“இதை மட்டும் எடுத்துடுங்க அண்ணே.”

“எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தாம்மா” என்றார் வீட்டுத் தரகர்.

“அச்சடிச்சிருந்தா என்ன? அந்த வரியை அடிச்சு, ஓரத்துல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டா செல்லும். நாளைக்கே குழந்தை பிறந்தா நாங்க எங்க போறது?”

தரகர் வெளியே போய், வீட்டுக்காரரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். “உங்ககிட்ட வக்கீலே தோத்துடுவாரும்மா. வாடகையில ஐநூறு கூட்டிக் கொடுத்தா அந்த வரியை அடிச்சுடலாமாம்.”

“சரி” என்றாள் அவள்.

“வேண்டாம்” என்றான் கணவன். “அந்த வரி இருந்துட்டுப் போகட்டும்.”

“ஐநூறுக்குப் பார்க்கறீங்களா? ஒரு குழந்தைக்காக ஆறு வருஷமா ஊசி, மாத்திரைன்னு நான் ஒருத்தியே ஆஸ்பத்திரிக்கு அலையறேன். நீங்க ஒரு டெஸ்டுக்குக்கூட வந்ததில்ல. அது பெருசாத் தெரியலையா?”

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். “குழந்தையே வேண்டாம்னு, கல்யாணத்துக்கு முன்னாடியே நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். உங்கிட்ட சொல்ல தைரியம் வரல.”

தரகர் மெல்லப் பேனாவை மூடினார்.

“மூடாதீங்க அண்ணே” என்றாள் அவள். “ஒரே ஒரு ஆள்தான் குடியிருப்பாங்கன்னு எழுதினா, வாடகை எவ்வளவு குறையும்?”