ரப்பர் ரிங்

பழைய சான்ட்ரோ காரின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பரைக் காலையில்தான் வாசலில் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தான் இம்தியாஸ். இப்போது கார் இல்லை. கழுவிய இடத்தில் ஒரு ரப்பர் ரிங் கிடந்தது.

மனைவி ரூமானா காருக்குள்ளேயே விட்டிருந்த செல்லுக்கு விடாமல் அடித்தான். ஒருவழியாக ஓர் ஆண்குரல் ‘ஹலோ’ என்றது.

“அண்ணே, ஓட்டாதீங்க! காலிப்பர் உள்ள போடற ரிங்கு இங்கயே கெடக்குது. பிரேக் போயிடும்!”

“நல்லாத்தானே பிடிக்குது?”

“இப்ப பிடிக்கும். ஆயில் கசிஞ்சிட்டா வெறும் பெடல்தான். கியரைக் கொறச்சி, ஹேண்ட்பிரேக் போட்டு ஓரங்கட்டுங்கண்ணே! லாரி வர்ற ரோடு!”

செல்லில் ஹாரன் அலறியது. டயர் கிறீச்சிட்டது. கதவு திறந்தது, யாரோ தடதடவென்று ஓடினார்கள்.

“அத்தா...” பின்சீட்டில் தூங்கிப்போயிருந்த மகளின் குரல். “அந்த மாமா ஏன் ஓடுறாங்க?”

“கண்ணு, கீழ எறங்காத! வெளிய போர்டுல என்ன எழுதியிருக்கு?”

“செம்... மங்... குப்பம்.”

பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ரூமானா ரிங்கைப் பார்த்தாள். “இது கழட்டிப் போட்ட பழசுல்ல? புதுசைத்தான் உள்ள போட்டீங்களே!”

“அது திருடனுக்குத் தெரியாதுல்ல” என்ற இம்தியாஸ், அப்போதுதான் உடைந்து அழுதான்.