கப்பல் உடையும் சத்தம்

“அழிஞ்சு போச்சு சார்” என்றாள் ஒலிப்பதிவுப் பெண்.

இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எது?”

“நேத்து நீங்க குடுத்த பதிவு. வேற எதையோ அழிக்கப் போயி, கை தவறி அதை அழிச்சிட்டேன்.”

பனிக்கடலில் சிக்கிய ஒரு கப்பலைப் பற்றிய வானொலி நாடகம் அது. கடைசிக் காட்சியில் பனி நெருக்கி, கப்பல் இரண்டாகப் பிளக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்காக இயக்குநர் அலையாத இடமில்லை. கடைசியில் செய்திப் பிரிவு நண்பர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பதிவை வாங்கி வந்திருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்பதனக் கிடங்கின் கூரை இடிந்து விழுந்தது. ஓர் ஆள் இறந்துபோனார். மிச்சக் கூரையும் சரிந்தபோது மீட்க வந்தவர்கள் எடுத்த பதிவு அது. தகரமும், குளிர் தங்குவதற்காக அதன் நடுவே அடைத்த ஃபோமும் பஞ்சும் ஒன்றாகக் கிழிகிற சத்தம். கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

“பத்து வருஷமா இந்த வேலை பாக்குற. கை தவறிச்சுன்னு சொல்ல உனக்கே ஒரு மாதிரி இல்லை?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நாலு நாள் குடுங்க சார். அந்தச் சத்தத்தை நானே பண்ணித் தரேன்.”

“எதை வச்சு?”

“பழைய ஃப்ரிட்ஜை வச்சு.”

ஒலிபரப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வேறு வழி இல்லாமல் அவர் எழுந்து போனார். போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் வந்து பார்த்தால், பதிவு அறையில் கால் வைக்க இடமில்லை. கதவு கழன்ற ஃப்ரிட்ஜ் இரண்டு. வயிறு கிழிந்த சோபா ஒன்று. கட்டுக்கட்டாகத் தெர்மோகோல். மூட்டையில், கண்ணாடி இழையில் செய்த கண்ணாடிப் பஞ்சு. நடுவில் அவளும், தரை துடைக்கும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு ஃபோம் பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள்.

“மெதுவா அக்கா. முதல்ல விளிம்பு மட்டும். ம்... இப்ப இழுங்க.”

ஃபோம் நரநரவென்று கிழிந்தது. சிரிப்புச் சத்தம் பதிவாகிவிடக் கூடாதென்று அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

“தரை துடைக்க வந்தவங்களையும் சேர்த்துக்கிட்டு விளையாட்டா?” என்றார் இயக்குநர்.

“மைக் ஓடுது சார்” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

நான்காம் நாள் மத்தியானம் அவரைக் கூப்பிட்டாள். கண்ணாடிப் பஞ்சு பட்டு, முழங்கை வரை அவளுக்குச் சிவந்து தடித்திருந்தது. சொறிந்துகொண்டே பதிவை ஓடவிட்டாள். அது, தரை துடைக்கும் அம்மா நின்றிருந்த வெளி வராந்தா ஸ்பீக்கரிலும் கேட்டது. எல்லாப் பதிவும் அப்படித்தான், உள்ளேயும் வெளியேயும் சேர்ந்தே ஓடும்.

எங்கோ தூரத்தில் பனி முனகியது. ஈரக் கண்ணாடியில் தேய்த்த தெர்மோகோல் அது. பிறகு கப்பலின் பலகைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. ஃப்ரிட்ஜ் ஃபோமை விரலால் ஒடித்த சத்தம். அப்புறம், நாலில் ஒரு பங்கு வேகத்தில், சோபாவின் ஃபோம் கிழிய, ஒரு கப்பலின் வயிறே கிழிந்தது. கடைசியில் எல்லாவற்றின் மேலும் பனி இறங்கி மூடியது. கண்ணாடிப் பஞ்சைப் பிரிக்கும்போது வருகிற, வந்ததா வரவில்லையா என்று தெரியாத சத்தம்.

இயக்குநர் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“இன்னொரு தடவை போடும்மா” என்றார்.

நாடகம் ஒலிபரப்பானது. நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. முப்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கூப்பிட்டு, எந்தக் கப்பலில் போய்ப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டார். இயக்குநர் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிப் பூரித்துப்போனார்.

ஆனாலும் அந்தப் பதிவு அழிந்துபோனது மனசில் ஒரு முள். இரண்டு வாரம் கழித்து, நண்பரிடமிருந்து அந்தப் பழைய பதிவின் இன்னொரு பிரதியை வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தார்.

“அடுத்த நாடகத்துக்கு ஆகும். இதையாவது பத்திரமா வச்சுக்க.”

அவள் அதைத் தொடவில்லை.

“இதை முழுசா கேட்டிருக்கீங்களா சார்?”

“முதல் பத்து நொடி கேட்டேன். அதுலயே தெரிஞ்சு போச்சே.”

“மூணாவது நிமிஷத்துலேர்ந்து கேளுங்க.”

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கிழிகிற சத்தம் ஓய்ந்து, அடியிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல்.

‘எங்க வீட்டுல சொல்லிடுங்க. நான் வர நேரமாகும். கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கச் சொல்லுங்க.’

மறுபடியும் எதுவோ கிழிந்தது. பிறகு குரல் இல்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“அப்ப அது கை தவறி அழியலை.”

“இல்ல சார்.”

“குரலை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாமே.”

“வெட்டினாலும், அது ஒரு மனுஷன் மேல விழுந்த கூரைதானே சார்.”

“சரி. காரணத்தைச் சொல்லியிருந்தா என்கிட்ட அவ்வளவு பேச்சு வாங்கியிருக்க வேண்டாமே.”

“அது நான் சொல்ற விஷயம் இல்ல சார். அவங்க இங்க யார்கிட்டயும் சொல்லிக்கலை. ஒரு நாள் சாப்பிடும்போது என்கிட்ட மட்டும் சொன்னாங்க.”

“யாரு?”

அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“என் எதிர்ல உக்காந்து ஃபோம் கிழிச்சாங்களே, அவங்க. தாழ் போட்டுத் தூங்கச் சொன்னது அவங்களைத்தான் சார்.”