கப்பல் கதவு

காலையில் பல் தேய்த்து, மேல் அறை விருந்தாளிகளுக்குத் தோசை சுட்டுவிட்டு ஜன்னலைத் திறக்கிறேன். சுற்றுலாக் கப்பல் வந்து கடலை மறைத்து நிற்கிறது.

எங்கள் கரீபியத் தீவில் டாக்டர் கப்பலோடு வந்து கப்பலோடு போகிறவர். கப்பலில் வராமல் தனியாக ஊர் சுற்ற வருபவரைத் தங்கவைக்கும் வீட்டாருக்கு, அந்த விருந்தாளி காலி செய்யும்வரை கப்பல் கதவு திறக்காது.

போன மாதம் என் மனைவி எழிலரசிக்கு மூச்சுத் திணறியது. துறைமுகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காவலுக்கு நின்ற ஜெபசிங் தூத்துக்குடிக்காரன். கதவைத் தோளால் முட்டிப் பார்த்தான்.

"திறக்க மாட்டேங்கு அண்ணாச்சி. வீட்ல யாரு தங்கியிருக்கா?"

"கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. நேத்துதான் வந்துச்சு."

"மொதல்ல அவங்கள வெளிய அனுப்புங்க. ஓடுங்க!"

எழிலரசியை நிழலில் கிடத்திவிட்டு ஓடினேன். அந்தப் பெண் கேள்வி கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அப்போதே கப்பல் கதவு திறந்ததாம். நான் திரும்பி வந்தபோது எழிலரசியின் மூச்சு நின்றிருந்தது; டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நான் ஓடக் கிளம்பியபோது எழிலரசி என் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தாள். மூச்சுக்கு நடுவே அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அவ புள்ளக்காரி. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."