முதலில் அவசர அழைப்பு

காலை ஒன்பது பன்னிரண்டு. கார் கம்பெனியின் உதவி மையத்தில் அவள் அன்றைய முதல் மின்னஞ்சல் கடிதத்தைத் திறக்கப் போனபோது போன் அடித்தது. அவசர அழைப்பு வந்தால் கடிதங்கள் காத்திருக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

"சிஸ்டர், நேத்து காரை எடுத்துட்டுப் போன என் ஒய்ஃப் இன்னும் வரல. சர்க்கரை நோயாளி. இன்சுலின் இங்கேயே கிடக்கு. போனையும் எடுக்கல. ஆப்ல கார் எங்கேன்னு காட்டவும் மாட்டேங்குது."

குரல் தழுதழுத்தது. கார் நம்பர், பதிவான போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. திரையில் காரைக் காட்டும் புள்ளி நகராமல் நின்றது.

"பதறாதீங்க சார். தண்ணித் தொட்டிக்குப் பின்தெரு, பதினாலாம் நம்பர் வீட்டு வாசல்ல நிக்குது."

"நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர்."

பக்கத்து சீட்டுக்காரி கிண்டலடித்தாள்.

"என்னக்கா, மூஞ்சில பல்பு எரியுது?"

"ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கேன்டி. டீ வாங்கிக் கொடு."

டீ குடித்துவிட்டு வந்து கடிதத்தைத் திறந்தாள். நேற்று மாலை வந்தது. அதே கார் நம்பர்.

'கார் கணக்கிலிருந்து என் கணவரின் நம்பரை உடனே நீக்குங்கள். நான் இருக்கும் இடம் அவருக்குத் தெரியவே கூடாது. போன முறை கையை உடைத்தார்.'

அடியில் ஒரு புது போன் நம்பர். உடனே அதை அழுத்தினாள். உதவி மையம் என்றதுமே எதிர்முனையில் குரல் மலர்ந்தது.

"நீக்கிட்டீங்களாக்கா? அப்பாடா! ரெண்டு வருஷத்துல நேத்துதான் நிம்மதியா தூங்கினேன். ஒரு நிமிஷம், காலிங் பெல் அடிக்குது. திறந்துட்டு வந்துடறேன், லைன்லயே இருக்கீங்களா?"