சிவப்பு வட்டம்

“அனுமதி இல்லாம பறக்க விட்டா உங்க லைசன்ஸ் போயிடும், பார்த்துக்குங்க.”

கார் பானட்டின் மேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில், ட்ரோன் அனுமதி தரும் அதிகாரி அனந்தகிருஷ்ணனின் குரல் நிதானமாக வந்தது. ரேஷ்மா தன் ட்ரோனைப் பார்த்தாள். அதன் அடியில் இன்சுலின் பொட்டலம் கட்டித் தயாராக இருந்தது.

முடிச்சூர் முழுக்க வெள்ளம். படகு வருகிற வழியாகத் தெரியவில்லை. மருந்து கேட்டிருந்த தீபலட்சுமி இரண்டு தெரு தள்ளி மொட்டைமாடியில் நின்று மஞ்சள் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்காரருக்கு நேத்தே மருந்து தீர்ந்துடுச்சுங்க,” என்று சற்று முன்புதான் போனில் சொல்லியிருந்தாள். “தலை சுத்துதுங்கறார். ஆனா காலைலேர்ந்து போனும் கையுமாவே இருக்கார். படுங்கன்னா கேட்கல.”

“சார், மழை விட்டுடுச்சு, காத்தும் இல்ல,” என்றாள் ரேஷ்மா. “சர்டிபிகேட், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு. இங்கேருந்து பார்த்தாலே அந்த மாடி தெரியுது.”

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா ஏர்போர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துல இருக்கு. மேப்ல அது சிவப்பு வட்டம், அனுமதி இல்லாம பறக்கக் கூடாது. ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க.”

“சர்வர் வேலை செய்யல சார்.”

“வேலை செய்யும்போது பண்ணுங்க.”

“ஒரு உயிர் விஷயம் சார். அந்த வீட்டு அட்ரஸ் வேணா...”

“யார் வீடா இருந்தா என்னம்மா? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவளைக் காரில் அழைத்து வந்த, அவளுடைய பக்கத்து வீட்டு தீனா பொறுமை இழந்தான். “இன்னாக்கா நீ, இவரு பேசிகினேதான் இருப்பாரு. அங்க ஆளு கவுந்துடப் போறான்.”

ஐ.டி. வேலையை உதறிவிட்டு, இரண்டு தடவை பெயிலாகி வாங்கிய லைசன்ஸ் அது. ரேஷ்மா ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு ரிமோட்டை எடுத்தாள்.

ட்ரோன் தண்ணீருக்கு மேலே எழும்பிப் போனது. இது எதுவும் தெரியாத அதிகாரி, கூட்டத்துக்கு மேல் ஏன் பறக்கக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் ட்ரோனை மெதுவாக இறக்கினாள்.

போனில் ‘விர்’ரென்று ஓர் இரைச்சல் கேட்டது. அதிகாரி பேச்சை நிறுத்தினார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“ஏங்க, போனை வச்சுட்டு வாங்க, உங்க இன்சுலின் வந்துடுச்சு.”